வெள்ளைப் பெட்டியைத் தொடாதே

எண் 9, சகுவாரோ நிழல் டிரெய்லர் குடியிருப்பு
அரிசோனா
ஜனவரி 30

லூயெல்லா,

"அன்புள்ள" என்று எழுதவில்லை, கவனித்திருப்பாய். மறந்துபோய் விட்டுவிடவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுத் தியோடோரா ஆஸ்பத்திரியிலிருந்து தன் காரில் கொண்டுவந்து விட்டாள். இடுப்பில் போட்ட ஆணிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டனவாம். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குத்தான் போனேன். வெள்ளைப் பெட்டி இருந்தது. உள்ளே மரச்சீவல் இருந்தது, தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. என் பாம்பு இல்லை.

உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நீ மாற்றிச் சொல்லக் கூடாது. "அது போய்ச் சேந்துடுச்சு வெர்னா. இந்த நெலமையில உனக்கு எதுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். நானே மொறையா அடக்கம் பண்ணிட்டேன்." நான் போனை வைத்துவிட்டேன். இனி நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். எனக்கு வேண்டியது எழுத்தில் வேண்டும்.

நான் விழுந்த மறுநாள், ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்தபடியே உனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்தது இரண்டே வரி. தபாலை எடுத்து வை. கொட்டகையில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைத் தொடாதே. இதில் எந்த வரி உனக்குப் புரியவில்லை?

என் பாம்பு கிரேவி சாகவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அதற்குத் தீனியை நிறுத்துவேன். வயிறு காலியானதும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவேன். மார்ச் முதல் வாரம் வரை அது தின்னாது, அசையாது, கல்லைப் போல் சில்லிட்டுக் கிடக்கும். பாலைவனத்தில் பாறைக்கடியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் கிடந்திருக்கும். இருபத்தேழு குளிர்காலம் அப்படிக் கிடந்து, இருபத்தேழு தடவையும் எழுந்திருக்கிறது. இருபத்தெட்டாவது குளிர்காலத்தில் நீ வந்தாய்.

எதில் வைத்துப் புதைத்தாய்? எவ்வளவு ஆழம்? எந்த இடம்? மூன்றுக்கும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

வெர்னா


நெப்ராஸ்கா
பிப்ரவரி 4

அன்புள்ள வெர்னா,

நீ எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுவேன். அம்மா நம்மை அப்படித்தான் வளர்த்தாள்.

கண்புரை அறுவைக்குத் தேதி குறித்திருந்ததால்தான் நீ வீடு திரும்பும்வரை என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அதையும் ஒரு குற்றமாக நீ எழுதியிருப்பாய் என்று நினைத்தேன், எழுதவில்லை, அதற்கு நன்றி. நான்கு வாரம் இருந்தேன். உன் அடுப்பைத் தேய்த்தேன். உன் திரைகளைத் துவைத்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

பெட்டியை நான் வேண்டுமென்று திறக்கவில்லை. குளிர் தாங்காமல் ஹீட்டரைத் தேடிக் கொட்டகைக்குப் போனேன். மூடி லேசாகத் திறந்திருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. பார்த்தேன். அது சுருண்டு கிடந்தது. மரக்கரண்டியால் தொட்டேன், அசையவில்லை. அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு தூக்கினேன். வெர்னா, நான் ஒரு பாம்பைத் தூக்கினேன். நீ அதை நினைத்துப் பார்க்க வேண்டும். பனிக்கட்டி மாதிரி இருந்தது. கண்கள் இரண்டும் திறந்தபடியே இருந்தன. பாவமாக இருந்தது. மூடிவிடப் பார்த்தேன், மூட வரவில்லை.

அதைக் குப்பைத் தொட்டியில் போட மனம் வரவில்லை. உனக்கு அது எப்படி என்று எனக்குத் தெரியும். அம்மா நீலப் பூ போட்டுத் தைத்தாளே, அந்தத் தலையணை உறையில் வைத்தேன். வாயைச் சணலால் கட்டினேன். என் முழங்கால் அனுமதித்த ஆழத்துக்குத் தோண்டினேன். பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தேன்.

இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அந்த நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மணலுக்குப் போவாய். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். செத்துப்போன ஒன்றுக்காக நீ விழ வேண்டாம்.

இங்கே கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். படிக்கட்டு இல்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் பாம்பை எங்கே விடுவது என்றுதான் கேட்பாய். இப்போது உன்னை அங்கே பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்குள் வந்துவிடு.

உன் தங்கை,
லூயெல்லா


அரிசோனா
பிப்ரவரி 9

லூயெல்லா,

பாம்புக்கு இமை கிடையாது. உயிரோடு இருந்தாலும் செத்தாலும் கண் திறந்துதான் இருக்கும். இந்த வயதில் இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலையணை உறை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லாரும் பாம்பைத் தலையணை உறையில்தான் கொண்டுபோவார்கள். துணி மூச்சு விடும், மணலும் மூச்சு விடும். நீ பிஸ்கட் டின்னில் வைத்து மூடியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். வேறு மாதிரி ஒன்றை எழுதியிருப்பேன். ஒன்றும் தெரியாமலே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறாய்.

ஆனால் சணலால் கட்டியிருக்கிறாய். இங்கே மார்ச் பிறந்ததும் மணல் சூடாகும். அது விழித்துக்கொள்ளும். விழித்தால் மேலே வரப் பார்க்கும். முடிச்சுப் போட்ட பைக்குள் கிடந்து முட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் சாகும். அப்போது நீ வாசிக்கிற சங்கீதம் சரியான நேரத்தில் வாசித்ததாக இருக்கும். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

நானே தோண்டப் போகிறேன் என்று யார் சொன்னது? இங்கே யாரையும் கூப்பிட்டுத் தோண்டச் சொல்லவும் முடியாது, அதற்குக் காரணம் உண்டு, அது உனக்கு வேண்டாம். ஏதாவது ஒரு வழி பார்ப்பேன். நீ இடத்தை மட்டும் எழுது.

என்னை இங்கே பிடித்து வைக்க ஒன்றும் இல்லை என்கிறாய். அந்தப் பாம்பை நான் எப்படிக் கண்டெடுத்தேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சாலையின் நடுவில் சூடு காய்ந்துகொண்டு கிடந்தது. பின்னால் முப்பது பிள்ளைகள் கூச்சல் போட, பேருந்தை நிறுத்தி, இறங்கி, கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஓட்டினேன். மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த மூன்று நாளும் நூலகத்தில் உட்கார்ந்து பாம்பைப் பற்றி இருந்த எல்லாப் புத்தகத்தையும் படித்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். லத்தீன் பெயரெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கு என் மேல் அன்பு இருக்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு நான் ஒரு சூடான கை, அவ்வளவுதான். என்னை நேசிக்கிற ஒவ்வொருவரும் என்னை எங்கேயாவது நகர்த்திவிடப் பார்க்கிறார்கள். அது என் மடியில் சுருண்டால் சுருண்டபடி கிடக்கும். எனக்கு அது போதும்.

நெப்ராஸ்காவுக்கு வர மாட்டேன். இடத்தை எழுது.

வெர்னா


நெப்ராஸ்கா
பிப்ரவரி 14

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்குள்ள கால்நடை மருத்துவரிடம் போனேன். பசுக்களைப் பார்க்கிறவர். பாம்பைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாதாம். முழுவதும் படித்தார். "உங்க அக்கா சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. இவங்க என்னைவிட விவரமா எழுதியிருக்காங்க" என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் கட்டுப் போட்டிருப்பதால் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், இருந்தும் அழுதேன். உயிரோடு இருந்த ஒன்றை நான் புதைத்திருக்கிறேன் என்றால் அதை நான் என்ன செய்வது?

ஆனால் உன்னிடம் இடத்தைச் சொல்ல இன்னும் எனக்குப் பயம். ஏதாவது ஒரு வழி பார்ப்பேன் என்று எழுதுகிறாய். உன் வழி எனக்குத் தெரியாதா? பதினான்கு வயதில் ஏணி இல்லாமல் கூரையில் ஏறினவள் நீ.

அதனால் நல்ல யோசனை ஒன்று தோன்றியது. உங்கள் குடியிருப்பு மேலாளர் திரு. கெஸ்ஸிக்குக்கு எழுதிவிட்டேன். நான் அங்கே இருந்தபோது மரியாதையாகப் பேசினார். நடந்தது எல்லாவற்றையும், இடத்தையும் தெளிவாகச் சொல்லி, ஓர் ஆளையும் மண்வெட்டியையும் அனுப்பி எடுத்துக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது கிரேவி உன் கையில் இருக்கும். உனக்கு இப்போதாவது என் மேல் கோபம் குறையும்.

உன் தங்கை,
லூயெல்லா


அரிசோனா
பிப்ரவரி 21

லூயெல்லா,

இந்தக் குடியிருப்பில் நாய் வளர்க்கலாம். பூனை வளர்க்கலாம். கூண்டில் பறவை வளர்க்கலாம். விதி பதினொன்று. வேறு எதை வளர்த்தாலும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடமாக என் பாம்பைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒருவருக்கும்! இப்போது சொல், உன் யோசனை எப்படி?

செவ்வாய்க்கிழமை காலையில் கெஸ்ஸிக் வந்தான். கையில் உன் கடிதம்.

"மிஸஸ் ப்ரூயிட், உங்க தங்கச்சி எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க. கையெழுத்து ரொம்ப அழகு."

"அவகிட்ட அழகா இருக்கறது அது ஒண்ணுதான்" என்றேன்.

"உங்க கேஸ் தொட்டிக்குப் பின்னால பாம்பு பொதைச்சிருக்காம். எடுத்துக் குடுக்கணுமாம். நீங்க குடிவந்தப்ப எங்கிட்ட நாய், பூனை, பல்லி எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே?"

"இப்பவும் பல்லி இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "செத்திருந்தா அங்கேயே கெடக்கட்டும். உசுரோட இருந்தா பதினாலு நாள்ல அது போவணும். இல்ல நீங்க போவணும்."

"மண்வெட்டி இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு. உங்களுக்குத் தர மாட்டேன்."

மறுநாள் புதன்கிழமை. புதன் காலைகளில் பொதுக்கூடத்தில் எல்லாரும் கூடிக் காப்பியும் டோனட்டும் சாப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும், நீயும் போயிருக்கிறாய். நான் அங்கே பேசுகிறவள் இல்லை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். "எங்கிட்ட ஒரு பாம்பு இருக்கு. இருபத்தெட்டு வருஷமா வளக்கறேன். என் தங்கச்சி அதை உசுரோட பொதைச்சுட்டா. எனக்குக் குனிய முடியாது. மண்வெட்டி வெச்சிருக்கற ஒரு ஆள் வேணும்."

பதினேழாம் எண் ஆர்லோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"வெஷமா?"

"இல்ல. ரெண்டடி. உன் நாய் இதுவரைக்கும் நாலு பேரைக் கடிச்சிருக்கு. இது ஒருத்தரையும் கடிச்சதில்ல."

"கடவுளே!" என்று தியோடோரா நெஞ்சில் கை வைத்தாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் வீட்டுல வந்து சீட்டாடறேனே! அப்ப எல்லாம் அது உள்ளதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீ சீட்டை ஒளிக்கறதைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அதற்குப் பிறகு ஏன் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பதினோரு பேர் வந்தார்கள். ஆர்லோ தாமிரச் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். "என்னென்னமோ தோண்டியிருக்கேன், பாம்பு தோண்டினதில்ல" என்று புலம்பிக்கொண்டே தோண்டினான். ஒரு சாண் போனதும் நான் நிறுத்தச் சொன்னேன். மண்வெட்டி பட்டால் இரண்டாகிவிடும். கையால்தான் எடுக்க வேண்டும். ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் தியோடோரா உள்ளே ஓடிப்போய்ச் சூப்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, மண்டி போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மண்ணை மொண்டு மொண்டு எடுத்தாள். வாய் முழுக்க ஸ்பானிய மொழியில் ஜெபம்.

அம்மாவின் நீலப் பூ தெரிந்தது. உன் முழங்காலுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஒன்றரைச் சாணுக்கு மேல் நீ போகவில்லை. சணலை நானே அறுத்தேன். கையில் எடுத்தேன். சில்லென்று கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. செத்ததற்கு மரியாதை செய்கிற மாதிரி ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். "போட்டுக்கோ" என்றேன். உள்ளங்கையில் வைத்து அப்படியே நின்றேன். நிற்க நிற்க இடுப்பு வலித்தது. இருந்தாலும் நின்றேன்.

நாக்கு வந்தது. மெதுவாக, கறுப்பாக, ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

"அடப்பாவி, என்னைப் பாத்து நாக்கை நீட்டுதே!" என்றான் ஆர்லோ.

கெஸ்ஸிக் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் நோட்டீசைக் கதவில் ஒட்டினான். மார்ச் ஐந்துக்குள் பாம்பு போக வேண்டும், அல்லது நான்.

இதெல்லாம் நீ செய்தது.

வெர்னா


நெப்ராஸ்கா
பிப்ரவரி 27

அன்புள்ள வெர்னா,

அது ரகசியம் என்று ஒரு தடவையாவது என்னிடம் சொன்னாயா? பன்னிரண்டு வருடமாக வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதுகிறாய். பாம்பு தோல் உரித்ததை எழுதுவாய், அது எத்தனை எலி தின்றது என்று எழுதுவாய். அது அங்கே இருக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதவில்லை. தெரிந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேனா? உனக்கு எல்லாரும் உன் மனத்தைப் படித்துவிட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களைத் திட்டுவாய்.

சரி. எழுதிவிட்டேன். மனது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. நான்கு நாள் யோசித்து எழுதுகிறேன். பாம்போடு வா. காருக்கு இருக்கிற அறையில் வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அங்கே உன் கொட்டகையைவிடக் குளிராகவே இருக்கும், உனக்கு வசதிதான். அதன் தீனிக்கு நீ உறைய வைக்கிற எலிகளை என் குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது, அதற்கு வேறு சின்னப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பயம்தான். இருந்தாலும் ஒரு தடவை கையில் தூக்கிவிட்டேன், இரண்டாவது தடவை இவ்வளவு பயமாக இருக்காது.

நீ கேட்டது அது ஒன்றுதானே? அதைக் கொடுத்துவிட்டேன். இனி என்ன சாக்குச் சொல்வாய்?

ஒன்றை மட்டும் எனக்கு எழுது. மண்ணுக்குள் அது கஷ்டப்பட்டதா?

லூயெல்லா


அரிசோனா
மார்ச் 9

அன்புள்ள லூ,

கஷ்டப்படவில்லை. தூங்கியது. தூங்காமல் கிடந்தது நான்தான்.

ரகசியத்தை உனக்குச் சொல்லாதது என் தவறு. இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் காட்டிக்கொண்டு திரியாதே.

பாம்போடு வா என்று எழுத உனக்கு நான்கு நாள் ஆனது என்றால் நம்புகிறேன். எனக்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ சொல்கிற மாதிரி எனக்கு இனிச் சாக்கு இல்லை. சாக்கு இல்லாமலே சொல்கிறேன். வர மாட்டேன்.

பாம்புக்கு இடம் கிடைத்துவிட்டது, அதனால் எனக்கும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறாய். உன் கீழ் அறை நல்ல அறையாகத்தான் இருக்கும். ஆனால் அது உன் வீடு. அங்கே நான் அடுப்பைத் தேய்க்காமல் விட்டால் நீ தேய்ப்பாய். இங்கே தேய்க்காத அடுப்பு என் அடுப்பு. எனக்கு வயது எழுபத்தெட்டு, எலும்பு ஒட்டியிருக்கிறது, மளிகைக்கு ஆர்லோ கூட்டிக்கொண்டு போகிறான். தள்ளாமல் போய் விழுகிற வரை நான் இங்கேதான். விழுந்த பிறகு உன் இஷ்டம்.

ஐந்தாம் தேதி கெஸ்ஸிக் வந்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கிரேவி என் இடது கையைச் சுற்றிக்கொண்டு வெயில் காய்ந்தது. அவன் மூன்று கெஜத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"மிஸஸ் ப்ரூயிட், இன்னிக்கு அஞ்சாம் தேதி."

"காலண்டர் என்கிட்டயும் இருக்கு."

"நான் நல்லவிதமா சொல்லிப் பாத்துட்டேன். இனி கோர்ட்டுக்குத்தான் போவணும்."

"போங்க."

"உங்க வயசுக்கு இது தேவையா? ஒரு கண்ணாடிப் பெட்டியை யாருக்காவது குடுத்துட்டா முடிஞ்சுது. நான் என்ன உங்க பேரனையா கேக்கறேன்?"

"பேரன் இருந்தா குடுத்திருப்பேன். பேரனுக்குக் காலு இருக்கும், அவனே எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவான்."

தியோடோரா அவள் வாசலிலிருந்து பலமாகச் சிரித்தாள். அவன் காதெல்லாம் சிவந்துபோயிற்று. கோர்ட்டுக் காகிதத்தை என் கையில் தர வேண்டும், சட்டம் அப்படி. அதற்குக் கிட்டே வர வேண்டும். கடைசியில் கையை நீட்டிக் குனிந்து, காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி, அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாகக் கையை நீட்டியிருக்க மாட்டான், என்னிடம் கொடுத்தான். நான் எழுந்து வாங்கியிருக்கலாம். எழவில்லை.

அன்றைக்கே அதன் கண்ணாடிப் பெட்டியை முன்னறை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன், சாலையைப் பார்த்தபடி. நீ துவைத்த திரையைக் கழற்றி மடித்து வைத்தேன். பதினோரு மணிக்கு நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான்காம் எண்ணில் இருக்கிறவள், பாம்பு இருக்கிற இடத்தில் தன்னால் குடியிருக்க முடியாது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. பதினோரு பேர் எனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. தோற்றாலும் தோற்பேன். தோற்றால் இந்த டிரெய்லர் வீட்டை அப்படியே வண்டியில் மாட்டிப் பாலைவனத்தில் வேறெங்காவது கொண்டுபோய் நிறுத்த ஆர்லோ ஆள் பார்த்து வைத்திருக்கிறான். பாம்பைக் கொடுத்துவிட்டு இங்கே இருப்பதும் நடக்காது, வீட்டை விட்டுவிட்டு உன்னிடம் வருவதும் நடக்காது.

நேற்று அதற்கு இந்த வருடத்தின் முதல் எலியைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு பிடித்துச் சுற்றிக்கொண்டு முழுவதையும் விழுங்கியது. மண்ணுக்குள் போய்வந்த ஒன்றுக்கு நல்ல பசி.

வழக்கு ஏப்ரல் இருபத்து மூன்று, காலை ஒன்பதரை மணி. உன் கண்கட்டு அதற்குள் அவிழ்ந்துவிடும். வருவதானால் வா. என்னைக் கூட்டிப்போக வராதே. என் பக்கத்தில் உட்கார வா.

நீதிபதி முன்னால் என்ன சொல்லப் போகிறாய் என்று ஆர்லோ கேட்டான். வக்கீல் யாரும் இல்லையே என்று அவனுக்குக் கவலை.

"ஆமா, வளக்கறேன்னு சொல்லுவேன்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"பன்னெண்டு வருஷமா நான் சொல்லாம விட்டது அது ஒண்ணுதான்."

வெர்னா